முந்திரிப் பழமும் மீத்தேனும்

மாசி முடிந்து பங்குனி பிறந்தால் கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்புகளில் பழம் உதிரத் தொடங்கும். மஞ்சளும் சிவப்புமாக, நுனியில் கொட்டையைத் தாங்கியபடி விழும். பொறுக்க வருகிறவர்கள் கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டுக்கொள்வார்கள்; பழம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். கொட்டைக்கு வியாபாரி உண்டு, பழத்துக்கு இல்லை. ஆடும் மாடும் தின்றது போக மிச்சம் மண்ணில் நசுங்கி, புளித்து, கறுத்து, சித்திரை வெயிலில் காய்ந்துபோகும். கோவாவில் இதே பழத்தைப் பிழிந்து ஃபெனி என்னும் சாராயம் காய்ச்சுகிறார்கள். கடலூர் மாவட்டத்தில் பெரும்பகுதி வீணாகத்தான் போகிறது.

எவ்வளவு வீண் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொட்டையைவிடப் பழம் ஐந்து மடங்குக்கும் மேல் கனமானது. ஒரு டன் கொட்டை எடுக்கும் தோப்பில் ஐந்து டன்னுக்குக் குறையாமல் பழம் தரையில் கிடக்கும். அந்தப் பழத்தில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர், ஏறக்குறைய 10 பங்கு சர்க்கரை. ஆக, ஒரு டன் பழத்தில் சுமார் 100 கிலோ சர்க்கரை. இதைக் காற்றுப் புகாத தொட்டியில் போட்டு நுண்ணுயிர்கள் முழுவதுமாக உடைத்துவிட்டால், வேதியியல் சமன்பாட்டின்படி சுமார் 37 கன மீட்டர் மீத்தேன் வர வேண்டும். கூடவே அதே அளவு கரியமில வாயுவும் வரும். 37 கன மீட்டர் மீத்தேனில் உள்ள வெப்பம், வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் இரண்டில் உள்ள வெப்பத்துக்குச் சமம். எந்தத் தொட்டியும் காகிதக் கணக்கை எட்டுவதில்லை. முக்கால் பங்கு கிடைத்தாலும் டன்னுக்கு ஒன்றரை சிலிண்டர் தேறும்.

இந்தக் கணக்கை மற்ற ஊர்களைவிட விருத்தாசலம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இது நெருப்பை வைத்துப் பிழைக்கும் ஊர். பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெள்ளைக் களிமண் இங்கே வந்து மின்சாரப் பீங்கான் கட்டையாகவும் பொம்மையாகவும் கோப்பையாகவும் ஜாடியாகவும் மாறுகிறது. பீங்கான் தொழிலைச் சொல்லிக்கொடுக்க அரசுப் பயிலகமே இங்கே இருக்கிறது. நல்ல பீங்கான் வேண்டுமென்றால் சூளை 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அதற்கு எரிக்கும் பொருளின் விலைதான் சிறு பட்டறைக்காரரின் லாபத்தையும் நட்டத்தையும் பெரிதும் முடிவு செய்கிறது.

ஆனால் ஒருவர் ஆர்வத்தில் புதுத் தொட்டி ஒன்றைக் கட்டி, முந்திரிப் பழத்தை மட்டுமே கூடை கூடையாகக் கொட்டினால், சில நாட்களில் அந்தத் தொட்டி செத்துவிடும். வாயு வரும், பற்றவைத்தால் எரியாது. திறந்தால் மூக்கைத் துளைக்கும் புளிப்பு வாடை அடிக்கும். உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் பசியால் சாகவில்லை, அளவுக்கு மீறிய தீனியால் செத்தன. அது எப்படி என்று புரிந்துகொண்டால், இப்படித் தொட்டியில் உண்டாகும் உயிர்வாயுவை (பயோகேஸ்) பற்றித் தெரிய வேண்டியதில் பாதி தெரிந்துவிடும்.

தொட்டிக்குள் இருப்பவர்கள்

வெளியே, காற்றில், ஒரு பொருள் மக்கும்போது நுண்ணுயிர்கள் அதை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து முடித்துவிடுகின்றன. பொருளில் இருந்த ஆற்றல் வெப்பமாக வெளியேறுகிறது. குப்பைமேட்டில் கையை வைத்தால் சுடுவது அதனால்தான். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அங்கே வாழும் உயிர்களுக்குப் பொருளிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மிகக் கொஞ்சம். பெரும்பங்கு ஆற்றல் செலவாகாமல் மீத்தேனுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடுப்பில் நாம் எரிப்பது அவை எடுத்துக்கொள்ள முடியாமல் விட்ட அந்த மிச்சத்தை.

வேலை நான்கு கட்டமாக நடக்கிறது. முதல் கூட்டம் நொதிகளைச் சுரந்து மாவு, புரதம், கொழுப்பு, நார் எல்லாவற்றையும் நீரில் கரையும் துண்டுகளாக வெட்டுகிறது. இரண்டாம் கூட்டம் அந்தத் துண்டுகளை அமிலங்களாக்குகிறது. பியூட்டிரிக், புரோப்பியானிக், அசெட்டிக் அமிலங்களும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் இங்கே உண்டாகின்றன. மூன்றாம் கூட்டம் பெரிய அமிலங்களை உடைத்து அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் ஆக்குகிறது. நான்காம் கூட்டம்தான் மீத்தேன் செய்வது. வரும் மீத்தேனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அசெட்டிக் அமிலத்திலிருந்து வருகிறது, மற்றது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் சேர்வதால் வருகிறது.

இந்த மூன்றாம் நான்காம் கூட்டங்களுக்கு இடையிலான உறவைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. சாராயத்தைத் தின்று மீத்தேனை விடும் ‘மெத்தனோபேசில்லஸ் ஒமெலியான்ஸ்கி’ என்ற நுண்ணுயிர் ஒன்று பல ஆண்டுகளாகப் பாடநூல்களில் இருந்தது. 1967இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்வின் பிரையன்ட்டும் அவரது சகாக்களும் அது ஓர் உயிர் இல்லை, இரண்டு என்று காட்டினார்கள். ஒன்று சாராயத்தை உடைத்து அசெட்டிக் அமிலமும் ஹைட்ரஜனும் தருகிறது. ஆனால் தான் விட்ட ஹைட்ரஜன் சுற்றிலும் சேர்ந்துவிட்டால் அதனால் மேற்கொண்டு வேலை செய்ய முடியாது. இன்னொன்று அந்த ஹைட்ரஜனை எடுத்து மீத்தேனாக்குகிறது. அதற்குச் சாராயத்தைத் தொடவே தெரியாது. பிரித்து வைத்தால் சாராயத்தில் இரண்டுமே வாழாது. ஆய்வுக்கூடத்தில் அத்தனை காலம் இவை பிரியாமல் வளர்ந்ததற்குக் காரணம், பிரிந்தால் பிழைப்பே இல்லை என்பதுதான்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1977இல், அதே பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் மீத்தேன் செய்யும் உயிர்களின் ரைபோசோம் ஆர்.என்.ஏவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவை பாக்டீரியாக்களே இல்லை என்று தெரிந்தது. உயிரினங்களின் வம்ச மரத்தில் பாக்டீரியாவுக்கும் நமக்கும் சமமாக ஒரு தனிக் கிளை அவற்றுக்கு உண்டு. ஆர்க்கியா என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கிளை முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது சாணத்தொட்டியில் குடியிருக்கும் இந்த இனத்தை வைத்துத்தான்.

இப்போது தொட்டி ஏன் செத்தது என்பதற்கு வருவோம். அமிலம் செய்யும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். அசெட்டிக் அமிலத்தை மீத்தேனாக்கும் ஆர்க்கியாவுக்குச் சில நாட்கள் வேண்டும். பந்தியில் பரிமாறுகிறவர் ஓட்டமாக ஓடி இலையில் கொட்டிக்கொண்டே போக, சாப்பிடுகிறவர் பொறுமையாக மென்றுகொண்டிருப்பதைப் போன்ற நிலை இது. சாணமும் வைக்கோலும் உடைய நேரமாகும்; ஆகவே அமிலம் மெதுவாக வரும், ஆர்க்கியா ஈடுகொடுக்கும். முந்திரிப் பழத்தின் சர்க்கரையோ உடைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கரைந்து தயாராக இருக்கிறது. ஒரே இரவில் அமிலமாகிவிடும். கரைசலின் பிஹெச் 7க்குப் பக்கத்தில் இருந்தால்தான் ஆர்க்கியா வேலை செய்யும். 6.5க்குக் கீழே போனால் தளர்ந்துவிடும். அவை தளர்ந்தால் ஹைட்ரஜன் தேங்கும். ஹைட்ரஜன் தேங்கினால் மூன்றாம் கூட்டமும் நின்றுவிடும். புரோப்பியானிக் அமிலம் குவியும். பிஹெச் இன்னும் இறங்கும். இறக்கம் தொடங்கிவிட்டால் தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும். போதாக்குறைக்கு முந்திரிப் பழத்தில் டானின் உண்டு. தின்றால் தொண்டையைக் கரகரக்க வைக்கும் அந்தத் துவர்ப்புப் பொருள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நொதிகளின் வேலையையும் கெடுக்கும்.

மருந்து நம் தொழுவத்திலேயே இருக்கிறது. பசுவின் இரைப்பையே ஒரு செரிப்புத்தொட்டி. மீத்தேன் செய்யும் ஆர்க்கியா அங்கே குடியிருக்கிறது, சாணத்தோடு வெளியே வருகிறது. சாணத்தில் அமிலத்தை ஏந்தித் தாங்கும் பைகார்பனேட்டும் அம்மோனியாவும் இருக்கின்றன. ஆகவே எந்தத் தொட்டியையும் சாணத்தில்தான் தொடங்க வேண்டும். சில வாரங்கள் சாணம் மட்டும் ஊட்டி, வாயு நீலமாக எரியத் தொடங்கிய பிறகு பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். சுடர் தளர்ந்தால், அல்லது தொட்டியிலிருந்து வழியும் கரைசலான சிலரியில் புளிப்பு வாடை வந்தால், அன்றே தீனியை நிறுத்த வேண்டும். ஓரளவு சுண்ணாம்பு சேர்க்கலாம். பக்கத்தில் நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து சில குடம் சிலரி வாங்கி ஊற்றுவது அதைவிட நல்லது.

தட்பவெப்பம் நமக்குச் சாதகம். இந்தக் கூட்டம் சுறுசுறுப்பாக இருப்பது 35 டிகிரி செல்சியஸை ஒட்டி. ஜெர்மனியில் குளிர்காலத்தில் தொட்டியைச் சூடாக்கவே அதன் வாயுவில் ஒரு பங்கைச் செலவிட வேண்டியிருக்கிறது. விருத்தாசலத்து வெயிலில் அந்தச் செலவே கிடையாது. இந்தியாவில் சாணவாயுத் தொட்டிகளின் கொள்ளளவை வகுத்தவர்கள் நாட்டை மூன்று வெப்ப மண்டலங்களாகப் பிரித்தார்கள். கரைசல் உள்ளே தங்க வேண்டிய காலம் குளிர்ந்த மலைப்பகுதியில் 55 நாள், நடுப்பகுதியில் 40 நாள், தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களில் 30 நாள். அதே வேலைக்கு இங்கே தொட்டி சிறிதாக இருந்தாலே போதும்.

ஒரு குச்சி, ஒரு விளக்கு, ஒரு மூடி

1776இல் இத்தாலியில் மஜோரே ஏரிக்கரைச் சேற்றை அலெசாண்ட்ரோ வோல்ட்டா குச்சியால் கிளறி, எழுந்த மீத்தேன் குமிழிகளைப் புட்டியில் பிடித்துப் பற்றவைத்தார். பின்னாளில் மின்கலம் கண்டுபிடித்தவர் இவர்தான். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் கேமரன் கழிவுநீர்த் தொட்டியின் வாயுவை வைத்துத் தெருவிளக்கு ஏற்றினார். 1897இல் பம்பாய் மாட்டுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தின் கழிவுத் தொட்டியிலிருந்து வாயு எடுக்கப்பட்டது. இந்தியாவின் பங்கு இவ்வளவு பழையது.

சாணத்துக்கு என்றே தொட்டி வடிவமைப்பதிலும் இந்த நாடு உழைத்தது. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.வி. தேசாய் 1930களின் இறுதியில் சோதனைகளைத் தொடங்கினார். 1951இல் ஜஷ்பாய் படேல் மிதக்கும் இரும்பு மூடி வைத்த ‘கிராமலட்சுமி’ தொட்டியைக் கொண்டுவந்தார். வாயு சேரச் சேர மூடி மேலே எழும். எவ்வளவு இருக்கிறது என்று வீட்டுப் பெண்கள் வாசலில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். 1962இல் கதர் கிராமத் தொழில் ஆணையம் இதை ஏற்று நாடெங்கும் பரப்பியது. இரும்பு விலை ஏறியது, மூடி துருப்பிடித்தது. அதனால் முழுக்கச் செங்கல்லும் சிமென்டும் கொண்ட, குவிமாடம் உள்ள ‘ஜனதா’ மாதிரி 1978இலும், செலவைக் குறைத்த ‘தீனபந்து’ மாதிரி 1984இலும் வந்தன. 1981-82இல் மத்திய அரசு தேசியத் திட்டமே தொடங்கி மானியம் கொடுத்தது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தக் காலத்துக் கோபர் கேஸ் தொட்டிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. தொழில்நுட்பம் தோற்றுவிட்டது என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இரண்டு கன மீட்டர் தொட்டிக்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும். அதற்கு நான்கைந்து மாடு வேண்டும். டிராக்டர் வந்தது, மாடு குறைந்தது. சிலிண்டர் வீட்டு வாசலுக்கே வந்தது. குவிமாடத்தில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் வாயு கசிந்துவிடும், அதைப் பூசி அடைக்கத் தெரிந்த கொத்தனார் பக்கத்தில் இல்லை. தொட்டி கட்ட மானியம் கிடைத்தது. ஐந்தாம் ஆண்டில் பழுது பார்க்க யாரும் வரவில்லை. உயிருள்ள ஒன்றை வளர்க்கக் கொடுத்துவிட்டு, கட்டடம் கட்டியதோடு கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

நாமக்கல் செய்தது

தமிழ்நாட்டில் தொட்டியின் தீனிச் சமநிலையைச் சரியாகப் பிடித்துக்கொண்ட மாவட்டம் நாமக்கல். அங்கே கோழிப்பண்ணை எச்சம் மலையாகக் குவிகிறது. அதை மட்டும் தொட்டியில் போட்டால் வேறு விதமான சாவு வரும். கோழி எச்சத்தில் நைட்ரஜன் மிக அதிகம், அது அம்மோனியாவாகி ஆர்க்கியாவை முடக்கும். பக்கத்திலேயே சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள். மரவள்ளிக் கிழங்கின் மாவுக் கழிவில் நைட்ரஜன் மிகக் குறைவு, சர்க்கரைச் சத்து அதிகம். அது முந்திரிப் பழத்தைப் போலவே தொட்டியைப் புளிக்கவைக்கும். ஒன்றின் காரமும் மற்றதன் புளிப்பும் ஈடாகின்றன. நைட்ரஜனைப் போல் 20 முதல் 30 மடங்கு கார்பன் இருக்கும் தீனிதான் தொட்டிக்கு ஏற்றது. தனித்தனியே எட்டாத அந்த விகிதத்தை இரண்டு கழிவுகளும் சேர்ந்து எட்டிவிடுகின்றன. புதுச்சத்திரத்தில் இந்த அடிப்படையில் நடக்கும் ஆலையில், வாயுவிலிருந்து கரியமில வாயுவை நீக்கி, அழுத்தி, வாகன எரிபொருளாக விற்கும் பிரிவு 2020இல் தொடங்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 15 டன். இந்தியன் ஆயில் பங்க்குகளில் அந்த வாயு கிடைத்தது.

சென்னையில் கோயம்பேடு காய்கறிச் சந்தைக்கென்று 2005இல் நாளுக்கு 30 டன் கழிவை உண்ணும் ஆலை கட்டினார்கள். காய்கறிக் கழிவு எளிதாகச் செரிக்கும் தீனி. ஆனால் சந்தைக் குப்பையில் காய்கறி மட்டும் வருவதில்லை. பாலித்தீன் பை வரும், சாக்குக் கயிறு வரும், பூச்சரக்கின் நூலும் வாழைத்தாரின் தண்டும் வரும். இவை குழாயில் சிக்கும், கலக்கியில் சுற்றிக்கொள்ளும். அந்த ஆலை தடங்கல்களோடுதான் ஓடியது. இந்தூர் நகரம் 2022 பிப்ரவரியில் நாளுக்கு 550 டன் திறனுள்ள ஆலையைத் திறந்தபோது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே வீடு வீடாக ஈரக் குப்பையைத் தனியே வாங்கும் பழக்கம் வேரூன்றியிருந்தது. ஆலை பிறகுதான் வந்தது. வரிசை அதுதான், நம் நகராட்சிகள் பெரும்பாலும் அதைத் திருப்பிப் போடுகின்றன.

விருத்தாசலத்தில் எங்கே தொடங்குவது

பீங்கான் ஊர் என்றதும் சூளைக்கு வாயு கொடுக்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் உயிர்வாயு சுமார் 0.45 கிலோ எல்.பி.ஜிக்குச் சமம். ஒரு சூட்டுக்கு 100 கிலோ எல்.பி.ஜி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் 220 கன மீட்டர் உயிர்வாயு வேண்டும். ஒரு கிலோ சாணம் 40 லிட்டர் வாயு தரும்; ஆகவே ஐந்தரை டன் சாணம் தேவை. அழுத்தாமல் சேமித்தால் அந்த வாயு 10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள கூடத்தை நிறைத்துவிடும். அதோடு வாயுவில் ஐந்தில் இரண்டு பங்கு எரியாத கரியமில வாயு என்பதால் சுடரின் சூடு குறையும். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு எரிந்து கந்தக டை ஆக்சைடாகி, பீங்கானின் மெருகை மங்கச் செய்யும். சூட்டின் நடுவே வாயு தீர்ந்துபோனால் அடுக்கிய சரக்கு முழுவதும் போச்சு. சுத்திகரித்த வாயுவில் சூளை எரியும், சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பல பட்டறைகள் சேர்ந்து பெரிய ஆலை வைக்க வேண்டும். அது இரண்டாம் படி.

முதல் படி ஓட்டல்களும் திருமண மண்டபங்களும். ஒரு டன் உணவுக் கழிவு சுமார் 100 கன மீட்டர் வாயு தரும். தினம் 50 கிலோ மிச்சம் விழும் ஓட்டலுக்கு ஐந்து கன மீட்டர் கிடைக்கும். அது 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்றை எட்டு ஒன்பது நாட்களுக்கு ஒருமுறை மிச்சப்படுத்தும். சமையலறைக் கழிவில் பாலித்தீனைத் தடுப்பதும் அங்கே எளிது, ஏனென்றால் ஒரே முதலாளி, ஒரே தொட்டி. பட்டறைகளிலும் 1,200 டிகிரி வேலைக்கு முன்னால் ஒரு வேலை உண்டு: ஈரச் சரக்கைக் காயவைப்பது. அதற்கு நூறு டிகிரியே அதிகம். மழைக்காலத்தில் காயவைக்க வெயில் இல்லாமல் தவிக்கும் பட்டறைக்குச் சுத்திகரிக்காத உயிர்வாயு தாராளமாகப் போதும்.

வெளியே வரும் சிலரியை மறந்துவிடக் கூடாது. வாயுவாகப் போவது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் சிலரியிலேயே தங்கிவிடும். தழைச்சத்தின் ஒரு பங்கு அம்மோனியமாக மாறியிருப்பதால் வேர் உடனே எடுத்துக்கொள்ளும். ஆனால் வெயிலில் பரப்பிக் காயவைத்தால் அந்தப் பங்கு காற்றில் பறந்துவிடும். ஈரமாகவே எடுத்துப்போய் முந்திரி மரத்தின் தூரைச் சுற்றி ஊற்றி மண்ணால் மூட வேண்டும். கடலூர் மாவட்டத்துச் செம்மண் தோப்புகளுக்கு அங்கக உரம் எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

மீத்தேன் என்றதும் காவிரி டெல்டாவில் இருப்பவர்களுக்கு நெஞ்சு பதறும். அது நியாயமான பதற்றம். 2010இல் மன்னார்குடிப் பகுதிக்கு வந்த திட்டம் ஆழத்து நிலக்கரிப் படுகையிலிருந்து நீரை இறைத்து மீத்தேன் எடுக்க நினைத்தது. உழவர்கள் போராடி அதை நிறுத்தினார்கள். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலூர் மாவட்டத்தின் சில வட்டாரங்களையும் சேர்த்துக்கொண்டது. தொட்டியில் வரும் மீத்தேன் நிலத்தடியைத் தொடுவதில்லை. அதன் கார்பன் போன பருவத்தில் இலை காற்றிலிருந்து எடுத்தது. அதே சமயம் இதை வெளியே விட்டுவிடவும் கூடாது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கும். நகராட்சிக் குப்பைமேட்டின் அடியில், காற்றுப் புகாத ஆழத்தில், அது இப்போதும் உண்டாகி வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு ஆபத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தொட்டிக்குள் மனிதர் இறங்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், வாடை நின்றுவிட்டதாகத் தோன்றும், அடுத்த சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். தூக்க இறங்கியவரும் விழுவார். தமிழ்நாட்டில் கழிவுத் தொட்டிகளில் இப்படிப் போன உயிர்கள் ஏராளம். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் போகின்றன. ஆள் இறங்காமலே சுத்தம் செய்யும்படி கட்டப்படாத தொட்டிக்கு எந்த அதிகாரியும் அனுமதி தரக்கூடாது.

இதே ஹைட்ரஜன் சல்ஃபைடோடு விருத்தாசலத்துக்குப் பழைய தொடர்பு உண்டு. சாக்கடைக் குழாயின் மேற்புறத்தில் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும். சிமென்ட் குழாய் அரித்துப்போகும், மெருகிட்ட கல்பீங்கான் குழாய் அசையாது. தமிழ்நாடு சிமென்ட் கழகத்தின் கல்பீங்கான் குழாய் ஆலை இருந்தது இந்த ஊரில்தான். அமிலமும் அழுகலும் நிறைந்த இடத்தில் சுட்ட களிமண் தாங்கும் என்ற அறிவு இங்கே தொழிலாளர்களின் கையில் இருக்கிறது.

அந்த அறிவுக்கு இன்னும் நேரடியான வேலை ஒன்று காத்திருக்கிறது. பழச்சாறு, சேகோ நீர் போன்ற நீர்த்த கழிவுகளைச் சாதாரணத் தொட்டியில் ஊற்றினால் மெதுவாக வளரும் ஆர்க்கியா நீரோடு அடித்துச் செல்லப்பட்டுவிடும். 1969இல் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் யங்கும் பெர்ரி மெக்கார்ட்டியும் தொட்டிக்குள் கற்களை நிரப்பி, நுண்ணுயிர்கள் அவற்றில் ஒட்டி வளர வழி செய்தார்கள். எந்தப் பொருளில் நன்றாக ஒட்டும் என்று 1980களின் தொடக்கத்தில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் வான் டென் பெர்க்கும் கென்னடியும் சோதித்தார்கள். கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் முந்தியது மெருகிடாத செங்களிமண் ஓடு. அதன் சொரசொரப்பும் நுண்துளைகளும் ஆர்க்கியாவுக்குப் பிடித்திருந்தன. இப்படிப்பட்ட படுகையில் குடியேறிய கூட்டம் அடித்துச் செல்லப்படாது என்பதால் கரைசல் 30 நாள் தங்க வேண்டியதில்லை, சில நாட்களே போதும்.

முதல் சூட்டில் உடைந்த, மெருகிடாத ஓட்டுச் சில் பட்டறைகளில் கழிவாகவே விழுகிறது. முந்திரிப் பழச் சாற்றைச் சாணச் சிலரியோடு கலந்து அந்தச் சில்லின் மேல் ஓடவிட்டால் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு மீத்தேன் வரும், டானின் எந்த அளவுக்குத் தடுக்கும், எந்தச் சூட்டில் சுட்ட மண் சிறந்தது என்பவை ஒரு முந்திரிப் பருவத்தில் விடை காணக்கூடிய கேள்விகள். பிளாஸ்டிக் பீப்பாய் நான்கு, பிஹெச் தாள், வாயு அளவி, பொறுமையுள்ள மாணவர்கள் போதும். முந்திரி இரகங்களை உருவாக்கி வெளியிட்ட தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், களிமண்ணைச் சுடக் கற்றுத்தரும் பீங்கான் பயிலகமும் இதே விருத்தாசலத்தில்தான் இருக்கின்றன. வரும் பருவத்துக்கு முன்பே இரு இடத்து ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசி இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும்.